சுவரில் ஏறும் உண்ணி, கொசுவில் வரும் புழு

1910-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு சிறு அறிக்கை மதராஸ் நாய்களைப் பற்றியது. ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற பெயரில் வெள்ளைக்காரர்கள் நடத்திய நரி வேட்டைக் குழுவின் நாய்கள் அவை. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன் அவற்றின் சிவப்பணுக்களுக்குள் அதுவரை யாரும் எழுதாத ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். பிறகு அதையே நரியின் ரத்தத்திலும் கண்டார். இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பெபீசியா கிப்சோனி என்று சொல்வது அதைத்தான். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1905-இல், எஸ். பி. ஜேம்ஸ் இந்திய நாய்களின் வெள்ளையணுக்களில் பார்த்து விவரித்தது இன்றைய ஹெபட்டோசூன் கேனிஸ். ஆக, உண்ணியால் நாய்க்கு வரும் முக்கிய நோய்களில் இரண்டு முதன்முதலில் அறியப்பட்டது இங்கேதான்.

நூறாண்டுக்கு மேலாக நம் ஊரில் இருக்கும் நோய்கள் இவை. ஆனால் நாய் வளர்க்கிற தமிழர் கைப்பேசியில் தேடிப் படிக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்காவுக்காக எழுதப்பட்டது. அங்கே முதல் அச்சம் இதயப்புழு. அடுத்தது மான் உண்ணி கொண்டுவரும் லைம் நோய். அங்கேயே ‘ரசாயனமா, இயற்கையா’ என்ற சண்டையும் பல ஆண்டுகளாக நடக்கிறது. மாதாந்திர மாத்திரை விஷம் என்பார் ஒருவர். பூண்டும் வேப்பெண்ணெயும் கொடுப்பவர் நாயைக் கொல்கிறார் என்பார் இன்னொருவர். அந்தச் சண்டையும் அறிவுரையோடு சேர்ந்து இங்கே இறங்கிவிட்டது.

சண்டையின் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபோலவே பேசுகின்றன: உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் ஒரே பதில் இருப்பதாக நினைக்கின்றன. இரண்டு உயிர்களின் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படி நினைக்க இடமில்லை. உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்க்கு வெளியே கழிப்பது. அதனால் அதன்மேல் மனித உழைப்புக்குப் பிடி உண்டு. இதயப்புழு ஒரே ஒரு கொசுக்கடியில் உள்ளே போய்விடுவது. அதன்மேல் உழைப்புக்குப் பிடி மிகக் குறைவு. இயற்கை முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு இந்த வேறுபாடுதான் முதல் அளவுகோல் என்று எனக்குப் படுகிறது.

உண்ணி எங்கே வாழ்கிறது

நம் வீட்டு நாயின் காது மடலிலும் விரலிடுக்கிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. ரைப்பிசெபாலஸ் சாங்குனியஸ் என்ற இனக்குழுவைச் சேர்ந்தது. குஞ்சு, இளம் உண்ணி, முழு உண்ணி என்ற மூன்று பருவத்திலும் இது நாயையே தேடும். ஒவ்வொரு பருவத்திலும் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும்; ஏதாவது சந்தில் ஒளிந்து தோலுரித்துவிட்டு மறுபடி நாயிடம் வரும். வயிறு புடைத்து, துவரம்பருப்பைவிடப் பெரிதாக, சாம்பல் நிறத்தில் உருண்டு கிடக்கும் பெண் உண்ணி ஒரு தடவையில் 4,000 முட்டை வரை இடும். இட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டைகள் இருக்கும் இடம் நாயின் உடம்பில்லை. சுவர் விரிசல், கதவு நிலையின் பின்புறம், நாய் படுக்கும் சாக்கு, மாடிப்படியின் அடிப்புறம் ஆகியவைதான்.

இந்த உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம் உண்டு. மழைக்கால முடிவில் சில வீடுகளில் வெள்ளைச் சுவரில் கடுகு போட்டதுபோல் குஞ்சுகள் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குளிர்நாட்டு உண்ணிகள் புல்லிலும் புதரிலும் காத்திருப்பவை. அவற்றுக்கு எழுதப்பட்ட ‘காட்டுப்பக்கம் நடந்துவிட்டு வந்ததும் சோதியுங்கள்’ என்ற அறிவுரை இங்கே பாதிக்கும் குறைவாகவே பயன்படும். மூன்றாம் மாடிக் குடியிருப்பை விட்டு அபூர்வமாகவே இறங்கும் லாப்ரடாருக்கும் உண்ணி வருவது இதனால்தான். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டை வரை சுமார் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். நாய் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேல் பட்டினி கிடந்து உயிர்வாழக்கூடியது. பழைய நாய் இறந்து, வீடு பூட்டிக் கிடந்து, மறு ஆண்டு குட்டி வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே உண்ணியைக் கண்டு குட்டி விற்றவரைத் திட்டுவார்கள். பல நேரம் அந்த உண்ணி வீட்டுக்குச் சொந்தமானது.

அது ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பெரிய கதையில்லை. எர்லிச்சியா கேனிஸ் என்ற பாக்டீரியாவை டொனாட்டியன், லெஸ்டோகார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1935-இல் அல்ஜீரியாவில் விவரித்தார்கள். அப்போது உலகம் அதை அதிகம் கவனிக்கவில்லை. 1960-களின் இறுதியில் வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள், பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் ரத்தம் வடிந்து நூற்றுக்கு மேல் இறந்தன. அதன் பிறகுதான் இந்த நோய் பாடப்புத்தகத்தில் பெரிய இடம் பிடித்தது. நம் ஊரில் ‘டிக் ஃபீவர்’ என்று மொத்தமாகச் சொல்வதில் எர்லிச்சியா, பெபீசியாவின் இரண்டு வகைகள், ஹெபட்டோசூன், தட்டணுக்களைத் தாக்கும் அனபிளாஸ்மா எல்லாம் அடக்கம். ஒரே நாயில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

இவை தொற்றும் வழிகூட ஒன்றில்லை. எர்லிச்சியா, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே உள்ளே போய்விடக்கூடியது. பெபீசியாவுக்குப் பொதுவாக ஓரிரு நாள் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். ஹெபட்டோசூனோ கடியால் வருவதே இல்லை. நாய் உண்ணியைக் கடித்து விழுங்கினால்தான் வரும். கிப்சோனி வகை, நாய்கள் கடித்துக் குதறிக்கொள்ளும் சண்டையில் ரத்தத்தோடும் பரவும். ‘தினமும் ஒரு தடவை தடவிப் பார்த்து உண்ணியைப் பிடுங்கினால் போதுமா?’ என்று கேட்பவருக்கு ஒற்றைப் பதில் கிடையாது. பெபீசியாவைப் பொறுத்தவரை பெருமளவு போதும். எர்லிச்சியாவுக்குப் போதாது.

இதயப்புழு: எவருடைய கவலை?

டைரோஃபிலாரியா இம்மிட்டிஸ், 1856-இல் அமெரிக்கரான ஜோசஃப் லெய்டி பெயரிட்ட புழு. பெண் புழு 30 செ.மீ. நீளம் வரை வளரும். நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் குடியிருந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் ரத்தத்தில் மிதக்கும். கொசு அந்த ரத்தத்தைக் குடித்தபின், கொசுவின் உடலுக்குள் இரண்டு வார அளவில் அவை தொற்றும் பருவத்தை அடையும். இந்த வளர்ச்சிக்குச் சூழல் வெப்பம் 14 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அடுத்த நாயைக் கொசு கடிக்கும்போது புழு தோலுக்குள் போகும். தோலடியில் இரண்டு மாதம் வளர்ந்து, பிறகு ரத்தக்குழாய் வழியாக இதயத்தை அடையும். கடித்த நாளிலிருந்து பரிசோதனையில் தென்பட ஆறு மாதம் ஆகும்.

பனி பெய்யும் அமெரிக்க மாநிலங்களில் ‘ஆண்டு முழுவதும் மருந்து எதற்கு?’ என்று வளர்ப்பாளர்கள் கேட்பதில் ஓரளவு நியாயம் இருப்பது அந்த 14 டிகிரியால்தான். அங்கே கொசுவுக்கு ஓய்வுகாலம் உண்டு. நம் சமவெளியில் கிடையாது. எனவே அந்த வாதத்தை மொழிபெயர்த்து இங்கே வைப்பதில் பொருளில்லை.

ஆனால் அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இந்தியாவில் உண்மையான இதயப்புழு திரும்பத் திரும்பப் பதிவாகியிருப்பது வடகிழக்கில், குறிப்பாக அசாமின் குவஹாத்தியிலும் மிசோரமின் ஐஸ்வாலிலும். தெற்கே நாய் ரத்தத்தில் நுண்புழு தெரிந்தால், அது பெரும்பாலும் வேறு ஏதாவது: தோலடியில் வாழும் டைரோஃபிலாரியா ரெபென்ஸ், தெள்ளும் பேனும் பரப்பும், அதிகத் தீங்கில்லாத அகாந்தோகைலோனீமா, கேரளத்தில் நாய்களில் கண்டறியப்பட்ட புரூஜியா மலாயி. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்து, நெளியும் புழுவைக் கண்டு, ‘இதயப்புழு’ என்று எழுதிவிட்டால் உரிமையாளர் நடுங்கிப்போவார். தேவையில்லாத கடும் சிகிச்சைக்கும் அது வழிவிடலாம். பெண் இதயப்புழு சுரக்கும் புரதத்தைக் கண்டறியும் ஆன்டிஜென் பரிசோதனையும், நுண்புழுவின் உருவத்தை நுணுக்கமாகப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் இனம் தெரியும்.

ரெபென்ஸைச் சின்னதாக நினைத்துவிடவும் கூடாது. நாய்க்கு அது பெரிய தொந்தரவு தராது. மனிதரிடம் வழி தவறி வந்தால் தோலடியில் கட்டியாகவோ, கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் நெளியும் புழுவாகவோ தெரியும். கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இப்படிப் பல நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்; இலங்கையில் குழந்தைகளும் அதில் உண்டு. அதே இலங்கை, யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது. அதன் பிறகும் அந்த நோயைத் தரும் புழுக்களில் ஒன்றான புரூஜியா அங்கே மறுபடி தலைகாட்டியது. நாயும் பூனையும் அதன் தேக்கிடங்களாக இருப்பது பேசப்படுகிறது. ஆகவே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கொசு வழிப் புழுவுக்கு எதிராக நாயைக் காப்பதில் நாயின் இதயத்தைவிட அடுத்த வீட்டுக் குழந்தையின் கண் அதிகமாகச் சம்பந்தப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கையேடுகளில் இந்தப் பக்கம் இல்லை.

வேம்பு, வசம்பு, பூண்டு

இயற்கை முறை என்று சொல்லப்படுபவற்றில் மூன்று விதம் கலந்து கிடக்கிறது. வேலை செய்வது, வேலை செய்யாதது, நாயைக் கொல்வது. இந்த மூன்றையும் ‘பாட்டி வைத்தியம்’ என்ற ஒரே பையில் போடுவதுதான் தொல்லை.

வேம்பைப் பற்றி ஐயம் வேண்டியதில்லை. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் உணவு நாட்டத்தையும் தோலுரிப்பையும் குலைக்கிறது; உண்ணி மீதும் இது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் அது தொட்டவுடன் கொல்லும் மருந்தில்லை. வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். எண்ணெயின் தரமும் செக்குக்குச் செக்கு மாறும். வேப்பெண்ணெயைத் தேய்த்துவிட்டு ஒரு மாதம் நிம்மதியாக இருக்க நினைப்பவர் ஏமாறுவார். வாரத்துக்கு இரண்டு தடவை தேய்க்க மனமிருப்பவருக்குப் பயன் உண்டு. புங்க எண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே கணக்கு. நாய் தன் உடம்பை நக்கும் என்பதால், மாட்டுக்குப் பூசுவதுபோல் தாராளமாகப் பூசக் கூடாது. வயிற்றுப்போக்கு வரலாம்.

மாட்டு உண்ணிக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவப் பணியிலிருந்து புகழ்பெற்ற ஒரு கலவை உண்டு. தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்பியது. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, மாட்டின் மேல் துணியால் தடவ வேண்டும். அதன் செய்முறையில் என்னை ஈர்ப்பது கடைசி வரி: தொழுவத்தின் விரிசல்களிலும் தெளிக்க வேண்டும், வாரம் ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். உண்ணி எங்கே வாழ்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய வரி அது. நாய்க்குப் பயன்படுத்துவோர் இந்த வரியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் மறக்கிறார்கள். உண்ணிச்செடி இலையைத் தின்றால் கால்நடையின் கல்லீரல் கெடும். மேலே தடவும் கலவையை நாய் நக்கிக் குடிக்காமல் காயும்வரை பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இனி வேண்டாதவை. பூண்டை உணவில் தினம் கலந்தால் ரத்தத்தின் மணம் மாறி உண்ணி வராது என்பது உலகெங்கும் சுற்றும் நம்பிக்கை. உண்ணி விலகியதற்கு உறுதியான சான்று கிடையாது. வெங்காயமும் பூண்டும் அளவு மீறினால் நாயின் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரும் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. ஏற்கெனவே சிவப்பணுக்களைத் தின்னும் பெபீசியா உலவுகிற ஊரில் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? சீதாப்பழ விதைப் பொடி பூச்சியைக் கொல்லும், உண்மைதான். பேனுக்காக அதைத் தலையில் தேய்த்தவர்களின் கருவிழி வெந்துபோனதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கற்பூரம் நாய்க்கு வலிப்பைத் தரும். புகையிலைக் கஷாயம் நிகோட்டின் நஞ்சு. தேயிலை மர எண்ணெய், பெயர் சாதுவாக இருந்தாலும், நாய்க்குத் தள்ளாட்டமும் நடுக்கமும் தருவது. சீமெண்ணெயையும் பெட்ரோலையும் துணியில் நனைத்துத் துடைக்கும் வழக்கம் கிராமத்தில் இன்னும் இருக்கிறது. உண்ணி விழும். தோலும் வெந்து விழும். அதை இயற்கை முறை என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது எனக்குப் புரியவில்லை.

கோழி உண்ணியைப் பொறுக்கித் தின்னும் என்பது கட்டுக்கதையில்லை. கென்யாவில் 1990-களின் தொடக்கத்தில் மாட்டோடு கோழிகளை விட்டு அவற்றின் இரைப்பையில் உண்ணிகளை எண்ணியே பார்த்தார்கள். முற்றமும் கொல்லையும் உள்ள வீட்டுக்கு இது உதவும். கதவு நிலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நாய் உண்ணியிடம் கோழி போகாது.

உண்மையில், செலவே இல்லாத இயற்கை முறைகளில் மிக வலுவானது கைதான். காது உள்மடல், விரலிடுக்கு, அக்குள், வாலடி, கழுத்துப்பட்டையின் கீழ் என்று தினமும் தடவிப் பார்ப்பது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுப்பது. சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுவது. விரலால் நசுக்கக் கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாய்களுக்கு இது பத்து நிமிட வேலை. சைபீரியன் ஹஸ்கியைச் சென்னையில் வளர்ப்பவருக்கு அரை நாள் வேலை, அதிலும் பாதி தப்பிவிடும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகாது என்பதால், அங்கே கையும் பேன் சீப்பும் தவிர வேறு நல்ல வழி இல்லை.

மாத்திரையும் அதன் விலையும்

மருந்து வரிசையில் பழையது அமிட்ராஸ் கழுவல், இன்னும் கிடைக்கிறது. 1990-களில் ஃபிப்ரோனில் வந்தது. முதுகில் விடும் சொட்டாகவும் தெளிப்பானாகவும் பரவியது. பெர்மெத்ரினும் அதன் உறவு மருந்துகளும் கழுத்துப்பட்டையிலும் சொட்டிலும் உள்ளன; இவற்றின் தனிச் சிறப்பு, உண்ணி கடிக்கும் முன்பே அதை விரட்டுவது. ஆனால் வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் சொட்டு கூடவே கூடாது. நாயை நக்கினாலோ, அதோடு ஒட்டிப் படுத்தாலோ பூனை இறந்துபோகலாம். கடைக்காரர் இதைச் சொல்வது அரிது.

2013-க்குப் பிறகு வந்த மெல்லும் மாத்திரைகள்தான் இன்று மருத்துவர்கள் முதலில் எழுதுபவை. அஃபாக்சோலனர், சரோலனர் மாதம் ஒரு முறை. ஃப்ளூராலனர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நாயின் ரத்தத்தில் மருந்து இருக்கும். கடித்த உண்ணி அதைக் குடித்து, நரம்பு கலங்கி, ஒன்றிரண்டு நாளில் சாகும். மாத்திரை கொடுத்த பிறகும் உடம்பில் உண்ணி தெரிகிறதே என்று கோபப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: கடித்தால்தான் சாகும். முட்டையிடும் முன் சாவதால் வீட்டுச் சுவரின் தலைமுறை அறுந்துபோகிறது. இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்தால் நாயே உண்ணிப் பொறியாகி வீட்டைத் துப்புரவு செய்துவிடும். சில மணி நேரத்தில் பரவும் எர்லிச்சியாவுக்கு மட்டும் இது முழுக் காவல் ஆகாது. அந்த நோய் அதிகமுள்ள தெருவில் மாத்திரையோடு விரட்டும் கழுத்துப்பட்டையையும் சில மருத்துவர்கள் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு.

பக்க விளைவை மறைக்க வேண்டியதில்லை. இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு தரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைத் தவிர்ப்பது அறிவு. மற்ற நாய்களுக்கு எர்லிச்சியாவையும் இந்தச் சிறு ஆபத்தையும் தராசில் வைத்தால், நம் ஊரில் எது கனக்கும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. சுற்றுச்சூழல் பக்கம் என் மனம் அவ்வளவு தெளிவாக இல்லை. இங்கிலாந்தில் 20 ஆறுகளின் நீர் மாதிரிகளைச் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா மாதிரியிலும் ஃபிப்ரோனில் இருந்தது. வயலில் அடிப்பது அங்கே பெரும்பாலும் நின்றுவிட்டதால் செல்ல நாய்களும் பூனைகளும்தான் முதன்மைச் சந்தேகம். சொட்டு மருந்து விட்ட நாயை ஏரியிலும் வாய்க்காலிலும் நீந்தவிடுவது நாம் உடனே நிறுத்தக்கூடிய ஒன்று.

எனக்கு உண்மையான பயம் வேறிடத்தில். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்து கால்நடை மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. உண்ணிக்கும் சொறிக்கும் அதை நாய்க்குப் போடும் வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. இதயப்புழுத் தடுப்புக்கு நாய்க்குத் தேவையான அளவு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். மாட்டு மருந்தில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு வேண்டியது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எந்த ஊசிக் குழலால் அதைக் கையால் அளப்பது? சொறிக்குக் கொடுக்கும் அளவு இதைப்போல் முப்பது மடங்குக்கு மேல். பெரும்பாலான நாய்கள் அதையும் தாங்கிவிடும். கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற மேய்ச்சல் இனங்களில் பல தாங்காது. மூளைக்குள் மருந்து போகாமல் வெளியேற்றும் மரபணு அவற்றில் பழுதாக இருப்பதை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2001-இல் கண்டறிந்தார்கள். அத்தகைய நாய் ஊசி போட்ட நாளிலேயே பார்வை மங்கி, தள்ளாடி, நினைவிழந்து போகும்.

இயற்கை எங்கே முடிகிறது?

ஐவர்மெக்டின் கதையே இந்தச் சண்டையின் எல்லைக்கோட்டை அழிக்கிறது. ஜப்பானில் கவானா என்ற இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா வளர்த்த பாக்டீரியா ஒன்றின் சுரப்பிலிருந்து உருவானது அது. அதை மருந்தாக வளர்த்தெடுத்த வில்லியம் கேம்பலோடு அவர் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார். பெர்மெத்ரினுக்கு முன்மாதிரி ஒருவகைச் சாமந்திப் பூவின் பைரெத்ரம். மண்ணில் பிறந்த மருந்தை ரசாயனம் என்று ஒதுக்கி, நிகோட்டின் நஞ்சைக் கஷாயம் என்று ஏற்பதில் நியாயம் எதுவும் இல்லை. கேட்க வேண்டியது அளவு என்ன, யார் சோதித்தார்கள் என்பதுதான். வேப்பெண்ணெய்க்கும் அதே கேள்விதான்.

உண்ணி விஷயத்தில் இந்தக் கேள்வியோடு இரு முறைகளும் கலந்து வாழலாம். இதயப்புழுவில் முடியாது. கருப்பு வால்நட் காய்த்தோல், மாசிபத்திரி, ஹோமியோபதி நோசோடு என்று அமெரிக்க இயற்கை ஆர்வலர்கள் பரிந்துரைப்பவற்றில் எதுவும் புழு இதயத்தை அடைவதைத் தடுத்ததாக நிறுவப்படவில்லை. கருப்பு வால்நட் நாய்க்கு நஞ்சும்கூட. கொசுவலையும், மாலையில் நாயை உள்ளே கட்டுவதும், தேங்கிய நீரைக் கொட்டுவதும் கடியைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. ஒரு கடி போதும்.

மருந்துத் தடுப்பின் வரலாற்றில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது: டையெத்தில்கார்பமசின். யானைக்கால் நோய்க்கு அரசு வீடு வீடாக வந்து கொடுத்த அதே மாத்திரை. மாதாந்திர மருந்து வருமுன் அமெரிக்க நாய்கள் இதைத் தினமும் தின்றன. ஒரு நாள் தவறினால் காவல் தளரும். ரத்தத்தில் நுண்புழு உள்ள நாய்க்குக் கொடுத்தால் அதிர்ச்சியில் சாகவும் கூடும். 1987-இல் ஐவர்மெக்டின் மாத்திரை அனுமதி பெற்றதும் அந்த வழக்கம் மறைந்தது. மாத மாத்திரை உண்மையில் முன்கூட்டித் தடுப்பதில்லை; கடந்த மாதம் புகுந்த இளம்புழுவைக் கொல்கிறது. அதனால்தான் சில நாள் தாமதம் மன்னிக்கப்படுகிறது, இரண்டு மூன்று மாத மறதி மன்னிக்கப்படுவதில்லை. ஆறு மாதம் நிற்கும் மாக்ஸிடெக்டின் ஊசி அமெரிக்காவில் 2001-இல் வந்து, பக்க விளைவுப் புகார்களால் 2004-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தத்தோடு 2008-இல் மீண்டும் வந்தது. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்படுகையில் இந்த மருந்துகளுக்கு மசியாத புழுக்களும் இப்போது உறுதியாகியிருக்கின்றன. மருந்து தோற்றால் வளர்ந்த புழுவுக்கு ஆர்செனிக் கலந்த மெலார்சோமின் ஊசிதான். சாகும் புழுக்கள் நுரையீரலை அடைக்காமல் இருக்க நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிவைக்க வேண்டும்.

சென்னையிலோ மதுரையிலோ உள்ள நாய்க்கு இதெல்லாம் மாதாமாதம் தேவையா? என் கருத்து இது: வடகிழக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த நாய்க்கும், அங்கே போகப்போகும் நாய்க்கும் பரிசோதனையும் தடுப்பும் கட்டாயம். மற்ற நாய்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை முதலில். மருத்துவர் ரெபென்ஸையும் குடற்புழுவையும் சேர்த்துக் கணக்கிட்டு மாதாந்திர மருந்தை எழுதினால் மறுக்கக் காரணமில்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அது உண்ணி மாத்திரைக்குப் போகட்டும்.

அந்தப் பணம் சின்னதும் இல்லை. பெரிய நாய்க்கான மூன்று மாத மாத்திரை ஒன்றின் விலை கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டும். ஏழைக் குடும்பம் வேப்பெண்ணெயைத் தேர்வதைக் கொள்கை என்று நினைப்பவர்கள் மருந்துக் கடை ரசீதைப் பார்க்காதவர்கள். அவர்களுக்குச் சொல்லத்தக்கது, எண்ணெய்க்குச் செலவிடும் உழைப்பில் பாதியைச் சுவருக்குத் திருப்புங்கள் என்பது. விரிசலைச் சிமென்ட்டால் அடைப்பது, சுண்ணாம்பு அடிப்பது, சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துவது, நாய்க் கூண்டைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வைப்பது.

இத்தனைக்கும் மீறி நாய் ஒரு நாள் சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டால், ஈறு வெளுத்தோ சிறுநீர் காப்பி நிறத்திலோ இருந்தால், பப்பாளி இலையை அரைக்க உட்கார வேண்டாம். டெங்குவோடு சேர்ந்து வீடுகளுக்குள் வந்த அந்தச் சாறு தட்டணுக்களை ஏற்றுமா என்பதே விவாதத்தில் இருக்கிறது. ஏற்றினாலும் எர்லிச்சியாவைக் கொல்லாது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தகட்டில் தேய்த்துப் பார்க்கும் பழைய பரிசோதனை இன்றும் மலிவானது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தொடங்கி மாவட்ட மருத்துவமனைகள் வரை செய்யக்கூடியது. அதில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று பொருளில்லை. தட்டணு எண்ணிக்கையும் மற்றப் பரிசோதனைகளும் தேவைப்படலாம். எர்லிச்சியா என்றால் டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பிக்கும். ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிற வீடுகள்தான் அதிகம். அந்த நாய்களில் பல, சில மாதம் கழித்து எலும்பு மஜ்ஜை ஓய்ந்த நிலையில் திரும்பி வருகின்றன. பெபீசியா கிப்சோனிக்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது. அதற்கான மருந்துச் சேர்க்கை விலை கூடியது, முடித்த பிறகும் சில நாய்களில் ஒட்டுண்ணி தங்கிவிடுகிறது. அப்படித் தேறிய நாயின் ரத்தத்தை வேறு நாய்க்கு ஏற்றக் கூடாது. உண்ணி மாத்திரையை அதற்குத் தவறாமல் கொடுக்க வேண்டும், இம்முறை தெருவிலுள்ள மற்ற நாய்களுக்காக.